கைப்பிடிச் சுவரை இடித்தவர்

பீகார் பூகம்பத்துக்கு மறுவருஷம், கோவையில் நான் வேலை பார்த்த மில்லுக்கு ஒரு கட்டட மேஸ்திரி வந்தார். காளையின் தோள்கள். எந்த மாடிக்குப் போனாலும் முதலில் கைப்பிடிச் சுவரைத் தோளால் இடித்துப் பார்ப்பார். ஒருநாள் கீழே ஆளில்லாத நேரம் பார்த்து, வாசலுக்கு மேலிருந்த புதுக் கைப்பிடிச் சுவரை அப்படி இடித்தார். பத்தடி நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்து நொறுங்கியது. ஓடிவந்த முதலாளி அறைந்ததில் மேஸ்திரியின் உதடு கிழிந்தது.

“இன்னொன்னு வேணும்னாலும் அடிங்க. பீகார்ல ரயில் வேலைக்குப் போன எடத்துல, நெலம் ஆடுனப்ப என் சம்சாரத்தக் கொன்னது இப்படியொரு செவுருதானுங்க. காலைல மில்லு சங்கு ஊதற வரைக்கும் நம்ம பொம்பளைங்க இந்த நெழல்லதானுங்க நிக்கறாங்க?”

முதலாளி சிமெண்டும் கம்பியும் வாங்க ஆளனுப்பினார். தளத்தோடு இரும்புக் கம்பி பிணைத்து மேஸ்திரியே மறுபடி கட்டினார். இறுகியதும் ஓடிவந்து மோதினார். தோள்பட்டை பிசகியது, சுவர் அசையவில்லை.

எலும்பு பிசகிய மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.