பாசிச் சுவரில் இல்லாத சர்க்கரை

ஆய்வகத்தில் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருடமாகக் கை பிசகாத உதவியாளர். நுண்பாசியை வளர்த்து, உடைத்து, அதன் செல்சுவரை மட்டும் பிரித்தெடுத்து அமிலத்தில் வேகவைப்பது அவர் வேலை. அந்தச் சுவர் வேறொன்றுமில்லை, சர்க்கரைகள் கைகோத்து நிற்கிற நீளச் சங்கிலி. வேகவைத்தால் கண்ணி கண்ணியாகக் கழன்றுவிடும். எந்தச் சர்க்கரை எவ்வளவு என்று கருவி காட்டும்.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண் ஒருத்தி அவரை வாய் நிறைய அண்ணே என்பாள். இந்தப் பாசியின் சுவரில் மேனோஸ், காலக்டோஸ் என்ற சர்க்கரைகள்தான், குளுக்கோஸ் இல்லவே இல்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். ஆய்வகத் தலைவர் நம்பாமல் தராசையே செய்து பார்க்கச் சொன்னார். எக்கச்சக்கமாகக் குளுக்கோஸ் வந்தது.

"அவர் கை தப்பு பண்ணாதும்மா," என்றார் தலைவர். அதற்குப் பிறகு அவள் பேச்சு எடுபடவில்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் தராசுக்குப் பொறி தட்டியது. வடிகட்டியபோது சுவர்க்கூழ் வடிதாளோடு ஒட்டிக்கொண்டதால், கரண்டியால் சுரண்டி எடுத்திருந்தார். தாளின் நாரும் கூடவே வந்திருக்கும். தாளே குளுக்கோஸ் சங்கிலிதானே! சந்தேகம் தீர வெறும் தாளை மட்டும் வேகவைத்துப் பார்த்தார். அதே குளுக்கோஸ்.

தலைவர் அறை பத்தடி தூரம். போய்ச் சொன்னாரா மனிதர்? அதுதான் இல்லை! சம்பாதித்த பேரெல்லாம் ஒரு தாளால் போய்விடுமே என்று பயந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டாள், ஆராய்ச்சிக்கே முழுக்குப் போட்டாள். அன்று கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதார். அழுது என்ன பிரயோசனம்?

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இத்தனை வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்கினீங்க? எடுங்க போனை," என்றாள் மனைவி.

அந்தப் பெண் இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். தராசு தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"தெரியும்ணே," என்றாள் அவள். "தாளைச் சுரண்டியிருந்ததை அன்னிக்கே பார்த்தேன்."

"அப்ப நீ ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா யார் நம்புவாங்க? அன்னிக்கே கிளம்பியிருப்பேன். நீங்க எப்படியும் சொல்லிடுவீங்கன்னுதான் மூணு மாசம் இருந்து பார்த்தேன்."