சாமி அறையில் ஒரு ஹேர்லி

இருபத்தாறு வருடமாகப் பிளாஸ்ரிக்கோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலை. வாகனங்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கொளுக்கிகள், மூடிகள், பிடிகள் எல்லாம் நாங்கள் வார்ப்பவைதான். எது வெயிலில் வெளிறும், எது குளிரில் நொறுங்கும், எது நாங்கள் செத்த பிறகும் அப்படியே கிடக்கும் என்று கையால் தொட்டே சொல்லுவேன். ஆனால் வீட்டில் ஒருவரும் இதைப்பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. மனைவி இருந்த காலத்தில், "உடுப்பு மணக்குது, கராஜிலேயே கழட்டிப்போட்டு வாங்கோ" என்பாள். அவ்வளவுதான்.

அதனால்தான், மகள் அயர்லாந்திலிருந்து அழைத்து, "அப்பா, உங்களுக்குத்தானே பிளாஸ்ரிக் தெரியும், ஒண்டு கேக்கோணும்" என்றபோது, ஸ்ரௌவ்வில் ஊரில் உள்ள என் வீட்டுச் சமையலறையில் கறி கிண்டிக்கொண்டிருந்தவன் அடுப்பையே நிறுத்திவிட்டேன்.

அவள் அங்கே மருத்துவம் படிக்கப் போனவள். கனடாவில் இடம் கிடைக்காத எங்கள் பிள்ளைகள் பலர் போகிற வழிதான். தாய் இறந்து மூன்றாவது வருடம் அவளும் புறப்பட்டாள். நான்கு அறை வீட்டில் நான் ஒரு அறையையும் சமையலறையையும்தான் பாவிக்கிறேன். மற்ற அறைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கூம் பிடிப்பதோடு சரி. வீட்டை வித்துப்போட்டு ஒரு கொண்டோ மாடிவீட்டுக்குப் போ என்று சொல்லாத ஆள் இல்லை. படிப்பு முடிந்ததும் திரும்பி வருவேன் என்று எயர்போட்டில் வைத்து அவள் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் விற்காமல் வைத்திருந்தேன்.

போன இடத்தில் அவளுக்கு ஹேர்லிங் பிடித்துக்கொண்டது. அயர்லாந்துக்காரரின் விளையாட்டு. ஆளுக்கொரு தடி. அதன் அடி தட்டையாகவும் அகலமாகவும், பெரிய அகப்பை மாதிரி இருக்கும். ஹேர்லி என்பார்கள். அதால் கைக்குள் அடங்கும் தோல் பந்தை ஓங்கி அடிப்பார்கள், தடியிலேயே பந்தை ஏந்திக்கொண்டு ஓடவும் செய்வார்கள். பெண்கள் விளையாடினால் அதற்கு வேறு பெயராம். நான் ஹேர்லிங் என்றே சொல்வேன். அவளும் திருத்தித் திருத்திக் களைத்து விட்டுவிட்டாள்.

அந்த அழைப்புக்கு முந்தின கோடையில் அவள் வந்தபோது, ஆஷ் மரத்தில் செய்த ஹேர்லி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ரொறன்ரோவில் ஒரு மைதானத்தில் ஞாயிறு காலையில் இதை விளையாடும் ஆட்கள் இருந்தார்கள். நான் காரில் கொண்டுபோய் விட்டு, மடிப்புக் கதிரையில் பிளாஸ்க் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு விளையாட்டை ஆரம்பம் முதல் முடிவு வரை நான் பார்த்தது அந்தக் கோடையில்தான். விதி ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது போதுமாக இருந்தது.

திரும்பிப் போகும்போது சூட்கேஸை நான் மிளகாய்த்தூளாலும் முறுக்காலும் அடைத்துவிட்டேன். தடிக்கு இடமில்லை. "தூளை எடுங்கோ அப்பா" என்றாள். நான் மாட்டேன் என்று நின்றேன். தூள் போனது, தடி நின்றது. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோசம். தடி இங்கே இருந்தால் ஆளும் வரத்தானே வேண்டும்.

ஆகவே அவளுக்கு அங்கே புதுத் தடி தேவைப்பட்டது. "மரமோ, சிந்தெற்றிக்கோ? எது நல்லம் அப்பா?" இதுதான் கேள்வி.

நான் விடுவேனா. படங்களை அனுப்பச் சொன்னேன். என்ன பொருள், எவ்வளவு நிறை, கைப்பிடி எப்படி என்று வேலையிடத்து இடைவேளையில் ஒரு வாரம் பார்த்தேன். சிந்தெற்றிக் என்பது நைலோனும் கண்ணாடி நாரும் கலந்தது. நல்ல வார்ப்பு. அடுத்த ஞாயிறு நானே அழைத்து நாற்பது நிமிடம் பிரசங்கம் வைத்தேன்.

"சிந்தெற்றிக் பிளக்காது, மழையிலை ஊறாது, ஆயுசுக்கும் ஒண்டு காணும். மரம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதம். மரம் வாங்கிறது விசர் வேலை பிள்ளை."

"ஓம் அப்பா. ஆனா மரத்தாலை அடிச்சா கை எரியாது. அந்த ஃபீல் வேறை. உடைஞ்சா இன்னொண்டு எடுக்கிறதுதான். எல்லாரும் ரெண்டு மூண்டு வைச்சிருக்கினம்."

"உடையும் எண்டு தெரிஞ்சுகொண்டு ஆரும் சாமான் வாங்குவினமோ?"

அவள் சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து என்ன வாங்கினாய் என்று கேட்டேன். மரம்தான் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பிறகேன் என்னட்டைக் கேட்டனீ?"

"கதைக்கத்தான் அப்பா. நீங்கள் கோல் எடுத்தா சாப்பிட்டியோ எண்டு மட்டும்தானே கேப்பீங்கள். அண்டைக்கு ஃபோர்ட்டி மினிட்ஸ் கதைச்சனீங்கள்."

எனக்கு வெட்கமாக இருந்தது. "சரி, சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த ஐப்பசியில் சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் மேல்மாடியின் நான்காவது அறைதான் சாமி அறை. மனைவி இருந்தபோது பிள்ளையின் புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவாள். விசயதசமி அன்று பிள்ளையே வந்து, கும்பிட்டு எடுத்து, இரண்டு வரி படிக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. அந்த வருடம் வைக்க அவளுடைய புத்தகம் ஒன்றும் வீட்டில் இல்லை. இருந்தது தடி. படிப்பின் கடைசி வருடம், ஏதாவது வைக்கத்தானே வேண்டும் என்று அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சாத்திவைத்தேன்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அன்ரி அவலும் கடலையும் கொண்டுவந்தவர், தடியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன தம்பி, சரஸ்வதிக்கு அடிக்கப் போறீரோ?"

"பிள்ளையின்ரை அன்ரி. விசயதசமிக்கு நான் எடுக்கலாமோ?"

"எடும், ஆர் வேண்டாமெண்டது. ஆனா முறை எண்டால் அவள் வந்துதான் எடுக்கோணும்."

அன்ரி பகிடியாகச் சொன்னது. நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். எடுக்கவில்லை. அவள் வந்து எடுக்கட்டும். எடுக்க வேண்டிய பொருள் இருக்கும்வரை எடுக்கிற ஆளும் வரும். ஐம்பத்தாறு வயதில், வேலையிடத்தில் பதினெட்டுப் பேருக்குப் பொறுப்பாக இருக்கிறவனின் யோசனை இது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். படிப்பில் சோதனை என்றாள். பனி கொட்டியது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இரவு பகலாக ஓடியது. சாமி அறையில் சூட்டுக்காற்று வரும் துளை தடி நின்ற இடத்துக்கு நேர் கீழே. எனக்கு அது நல்லதாகவே பட்டது. மரத்துக்கு எதிரி ஈரமும் கறையானும் என்றுதான் நான் அறிந்தது. பிளாஸ்ரிக்காரனுக்கு மரத்தைப்பற்றி என்ன தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தடியைச் சுற்றி வக்கூம் பிடிப்பேன். தொடமாட்டேன்.

பட்டத்துக்குப் பிறகு எடுக்க வேண்டிய ஆசுபத்திரிப் பயிற்சிக்கு இங்கே விண்ணப்பித்திருந்தாள். பங்குனியில் முடிவு வந்தது. கிடைக்கவில்லை. "அடுத்த முறை பாப்பம் அப்பா" என்றாள். குரல் சோர்ந்திருந்தது. நானும் "ஓம், பாப்பம்" என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டியோ என்று அவளைக் கேட்கவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஆனியில் பட்டம் முடித்து இரண்டு வாரத்துக்கு வந்தாள். வந்து, முகம் கழுவி, சாமி அறைக்குப் போனவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது ஏன் இங்கை?"

"சரஸ்வதி பூசைக்கு வைச்சனான். நீ வந்து எடுக்கோணும் எண்டு விட்டிட்டன்."

"எயிற் மன்த்ஸாவோ?"

குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது. அவள் கும்பிட்டுவிட்டு எடுத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து கீழே, நாரோடு நாராக, மயிரிழை போல் ஒரு வெடிப்பு. கீழே சூட்டுக்காற்றுத் துளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காஞ்சு போச்சோ?" என்றேன்.

"கொஞ்சம்தான் அப்பா. பரவாயில்லை."

பரவாயில்லை என்றால் பரவாயில்லை அல்ல என்று எனக்குத் தெரியாதா. அந்த ஞாயிறு மைதானத்தில், தொடங்கிப் பத்து நிமிடத்தில், இன்னொரு பிள்ளையின் தடியோடு மோத, அந்தச் சாமி அறைத் தடி இரண்டாகப் போனது. சத்தம் என் கதிரை வரை கேட்டது. யாரோ வெளியிலிருந்து இன்னொரு தடியை எறிய, அதைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சிந்தெற்றிக். எனக்கு அழுகையும் வந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். "எப்பிடி இருந்தது?"

"ஓகே அப்பா. கைதான் எரியுது." உள்ளங்கையைக் காட்டினாள், சிவந்திருந்தது.

உடைந்த இரண்டு துண்டையும் என் மடியில் வைத்து, "நான்தான் பழுதாக்கினது" என்றேன். "மரமெண்டா உடையும் அப்பா" என்றாள்.

அடுத்த நாளே அந்த விளையாட்டுக்காரரில் ஒருவரிடமிருந்து புதுத் தடி வாங்கி வந்தாள். சிந்தெற்றிக்தான். என்னிடம் ஒரு சொல் கேட்கவுமில்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஆயுசுக்கும் காணும் தடியை ரொறன்ரோவில் வாங்குகிறவள் ரொறன்ரோவில் விளையாடத்தானே வாங்குவாள் என்றும் நினைத்தேன்.

போகிற நாள் சூட்கேஸை அடுக்கும்போது, மிளகாய்த்தூளை நானே வெளியே எடுத்து வைத்தேன். தடிக்கு இடம் விட்டேன்.

"தூளை வையுங்கோ அப்பா. தடி இங்கை நிக்கட்டும்."

"ஏன்? உனக்கெண்டுதானே வாங்கினனீ?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். தாய் மாதிரியே, முக்கியமான கதை என்றால் உட்கார்ந்துதான் சொல்லுவாள்.

"அப்பா, அங்கை எனக்கு ட்ரெய்னிங் தந்திருக்கினம். நான் ஓம் எண்டிட்டன். நாலைஞ்சு வருசம் எடுக்கும். அதுக்குப் பிறகும்... ஐ டோன்ற் நோ அப்பா."

என் கையில் தூள் பை இருந்தது.

"இதைப் பூசைக்கு வையுங்கோ" என்றாள். "ஹீற்றருக்கு மேலை எவ்வளவு காலம் இருந்தாலும் இதுக்கு ஒண்டும் ஆகாது." சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

என் பேச்சைக் கேட்டு அவள் அதை வாங்கவில்லை. விளையாடவும் வாங்கவில்லை. நான் காத்திருப்பேன் என்று தெரிந்து, அதற்குத் தோதான தடியாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள். நான் தலையைத் தடவி, "அழாதை பிள்ளை, விமானத்துக்கு நேரமாகுது" என்றேன். எயர்போட்டில் இந்த முறை அவள் திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருடப் பூசைக்கு அந்தத் தடியை வைத்தேன். அன்ரி வந்தார், பார்த்தார், இந்த முறை சிரிக்கவில்லை. அது எத்தனை வருடம் அப்படியே நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதானே. மங்காது, வெடிக்காது, நான் போன பிறகும் அந்தச் சுவரோடு நிற்கும். அப்படி அதை நிற்க விட எனக்கு மனம் வரவில்லை. விசயதசமி காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு நானே அதை எடுத்தேன்.

கராஜ் கதவுக்கு முன்னால் நின்று, அவள் விட்டுப்போன பந்தை அடித்தேன். மூன்று முறை தவறியது. நான்காவது பட்டது. முழங்கை வரை எரிந்தது. சும்மா அல்ல, நன்றாக எரிந்தது.

உடனே அவளை அழைத்தேன். எடுக்கவில்லை, அங்கே பின்னேரம், ஆசுபத்திரியில் நிற்பாள். செய்தி விடச் சொல்லி ஒரு குரல் சொன்னது.

"பிள்ளை, நான்தான். உன்ரை தடியை நானே எடுத்திட்டன். நீ சொன்னது சரி, கை எரியுது. மரம்தான் நல்லம்."

சாப்பிட்டியோ என்று வாய்வரை வந்தது. கேட்காமல், இங்கே வெயில் எறிக்கிறது, பக்கத்து வீட்டு நாய் பந்தைப் பார்த்துக் குரைக்கிறது, மூன்று முறை தவறவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் நேரம் முடிந்து அது நின்றுவிட்டது. பந்து தெருப்பக்கம் உருண்டு போயிருந்தது, போய் எடுத்து வந்தேன்.