முதல் பரிசு வாங்கிய தட்டு

என் மகள் யூகேஜி படித்த வருடம், பள்ளியில் எல்லா அம்மாக்களின் செல்போனிலும் ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னார்கள். பிள்ளை சாப்பிடும் தட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். காய், பழம், முட்டை இருந்தால் பச்சை முகம் ஒன்று சிரித்து நட்சத்திரம் தரும். இல்லாவிட்டால் சிவப்பு முகம் கண்ணீர் விடும். நல்ல சாப்பாடு எதுவென்று பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள் என்றார் மிஸ்.

நான் அப்போது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். தெற்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஷிப்மென்ட் நெருங்கினால் வீடு திரும்ப எட்டு மணியாகும். காலையில் வடித்த சோறும் ரசமும்தான் இரவுக்கும். முதல் வாரம் முழுக்க அந்த முகம் அழுதது. நாளைக்குச் சிரிக்கலாம் என்று மகள் அதைச் சமாதானப்படுத்துவாள்.

கம்பெனிக்குள் போன் கூடாது என்பதால் அதை நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் ஓனரம்மாவிடம் விட்டுப் போவேன். பள்ளி விட்டதும் நான் வரும்வரை அவள் போனும் கையுமாக அவர் வீட்டில், அவர் மகளோடு இருப்பாள். கொஞ்ச நாளில் முகம் அழுவது நின்று நட்சத்திரங்கள் வரத் தொடங்கின. தொல்லை விட்டது என்றிருந்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். அதிக நட்சத்திரத்துக்கான முதல் பரிசு என் மகளுக்கு. திரையில் அவள் தட்டைக் காட்டினார்கள். நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு, மாதுளை முத்துகள், ஆப்பிள், அவித்த முட்டை. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று எவர்சில்வர் தட்டுகள். வேலைக்கும் போய்க்கொண்டு இந்த அம்மா எப்படிப் பார்த்துக்கொள்கிறார் பாருங்கள் என்றார் மிஸ். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏட்டி, யாரு தட்டு அது?"

"ஓனர் ஊட்டு அக்காதும்மா." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "போட்டோ மட்டுந்தான் எடுப்பேன். ஒண்ணுகூட எடுத்துத் தின்னதில்லம்மா."

தான் திருடி இல்லை என்று ஐந்து வயதில் எனக்கு நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பரவாயில்லீங்க. கிளாஸ் சார்ட்ல கட்டம் காலியா இல்லாம இருந்தாப் போதுமுங்க. பாப்பா அப்படியே அனுப்பட்டுமுங்க."

அன்றே ஆப்பை அழித்தேன். நட்சத்திரங்கள் போய்விட்டனவென்று மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குள் விஷயம் ஓனரம்மா காதுக்கும் போயிருந்தது. அதிலிருந்து அவர் தன் மகளைச் சாப்பிட உட்காரவைக்கும் முன் என் மகளை எங்கள் வாசலுக்கு அனுப்பிவிடுவார். நான் வரும்வரை அவள் பூட்டிய கதவருகே உட்கார்ந்திருப்பாள்.