ஆசிட் குழிக் கரையில் உட்கார்ந்தேன்

மேட்டூரில் தண்ணீர் தாமதமாகத் திறந்த வருஷம் அது. போர்வெல் வைத்திருந்த நாங்கள் சிலர் மட்டும் நாற்று விட்டிருந்தோம். நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். என் நாற்றங்காலை ஒட்டி எண்ணெய்க் கிணறு. அந்த இடத்தில் முன்பு என் பங்காளி உளுந்து போட்டான்; அவன் கதை பெரிய கதை, விடுங்கள். ஒரு காலையில் அங்கே ஆசிட் லாரிகள் வந்தன. ஹெல்மெட் போட்ட பெண் இன்ஜினியரிடம் விசாரித்தேன்.

“ஆழத்துல எண்ணெய் ஊறுற மணற்பாறை இருக்குதுங்கய்யா. அதுல அடைப்பு. ஆசிட் விட்டாக் கரைஞ்சு எண்ணெய் வரும்.”

“விட்ட ஆசிட்டு?”

“கழிவா மேல வரும். அந்தக் குழியில விடுவோம்.”

குழியைப் பார்த்தேன். அடியில் ஒரு தார்ப்பாய்கூட இல்லை, வெறும் மண். ஊறினால் முதலில் என் நாற்றுதான் சாகும். கரையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுடைய மேலதிகாரி வந்து கத்தினார். “யோவ் பெருசு, போலீஸக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க. வரும்போது வெத்தல வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

என்னைக் கிளப்ப அந்தப் பெண்ணையே அனுப்பினார். ஹெல்மெட் போட்டவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் என்று நினைத்திருந்தவன் நான். அவள் குனிந்து, தூக்குவதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே சொன்னாள்.

“எந்திரிக்காதீங்கய்யா. நீங்க எந்திரிச்சா நான் பம்ப் போட்டாகணும். அடியில விரிப்பு போடணும்னு நான் சொல்லி அவரு கேக்கல.”

பிறகு சத்தமாக, “வரமாட்டேங்கிறாரு சார்!” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. குழி முழுக்க விரித்த பிறகுதான் எழுந்தேன்.

அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது எந்த ஊர்க் கிணற்றில் இருக்கிறாளோ! நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள்: அங்கேயும் யாராவது உட்கார வேண்டியிருந்தால் தகவல் அனுப்பட்டும், நான் வருகிறேன்.