பெல்ட்டுக்கு ஒரு கூடு

எனக்கு எண்பத்திரண்டு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஆறாவதாக என் இளைய மகளின் பிள்ளையையும் நான்தான் வளர்த்தேன். அந்தப் பேத்திதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், கையெழுத்தை நன்றாகவே போடுவேன். அதற்கு மேல் கை ஓடாது.

எதற்கும் பயப்படாதவள் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்து நடுங்கிய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவளை உட்கார வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் அது. தமிழ் பேசினாலும் எங்கள் ஊர் கேரளத்து எல்லைக்குள் இருக்கிறது. பஞ்சாயத்துப் பணத்தில் ஒரு பங்கைப் பெண்களுக்கென்று செலவழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் வருடம் எங்கள் வார்டில் ஒருவர் அந்தப் பங்கில் ரோடு கேட்டார். “பெண்ணுங்க நடக்காத ரோடு உண்டா?” என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். ரோடு அவருடைய ரப்பர் தோட்டத்து வாசல் வரைக்கும் போய் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

அடுத்த வருடம் நாங்கள் பெண்கள் சேர்ந்து ஒரு மில் கேட்டோம். அரிசி, மல்லி, மிளகாய் பொடிக்கிற சின்ன மில். அப்போது என் இளைய மகள் புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். அவளுக்கு ஒரு வேலை வேண்டும். பத்தாம் வகுப்பு படித்தவள் என்பதால் மனுவை அவள்தான் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். மில்லின் பெல்ட்டுக்கு வெளியே ஒரு இரும்பு வலைக்கூடு வேண்டும்.

காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் பாறசாலைச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு எண்ணெய் மில் இருந்தது. கொப்பரை கொண்டுபோய் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவளின் சேலை முந்தியை ஓடுகிற பெல்ட் இழுத்தது. துணியோடு அவளும் போனாள். உயிர் பிழைத்தாள், வலது கை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு பெல்ட் ஓடுகிற இடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. அரிசியை வாசலில் கொடுப்பேன், மாவை வாசலில் வாங்குவேன்.

மில் கிடைத்தது, கூடு கிடைக்கவில்லை. பஞ்சாயத்து ஓவர்சியர் எஸ்டிமேட்டில் அதை வெட்டிவிட்டார். மகள் போய்க் கேட்டாள்.

“எல்லா மில்லும் ஒரே மாதிரிதான் ஓடுது. ஆணுக்கு ஒரு மில்லு பெண்ணுக்கு ஒரு மில்லுன்னு உண்டா? சமத்துவம் வேணும்னு நீங்கதானே கேக்கிய?” என்றாராம்.

அதனால் மில்லை ஓட்ட ஒரு ஆளை வைத்தோம். எங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான். தோளில் ஒரு துவர்த்துத் துண்டுகூடக் கிடக்காது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு நிற்பான். நாங்கள் தூக்கிக் கொடுப்போம், அளப்போம், கட்டுவோம். பெல்ட்டுக்குப் பக்கத்தில் அவன் மட்டும்தான்.

“மிசினுக்கு ஆம்பளக் கைதான் பழக்கம் அக்கா. பொம்பளை தொட்டா அதுக்கு வெக்கம் வந்திரும்” என்பான்.

“ஒனக்கு வெக்கம் இல்லாததுனால அது ஒன்கிட்ட ஓடுது” என்பேன் வாசலில் நின்று.

பிறகு, பணம் ஒழுங்காகச் செலவானதா என்று பார்க்க அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தது. பெண்களுக்கான மில்லைப் பெண்கள்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் தவணை இல்லை, மில்லையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஓவர்சியரே வந்து சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மில் போனால் மகளுக்குப் பிழைப்பு இல்லை. மில் எங்கள் கையிலேயே இருந்தால் அவள் அந்தப் பெல்ட்டின் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பயமே கிடையாது. அதுதான் எனக்கு மேலும் பயமாக இருந்தது.

வந்தவர்களில் பெரியவர் ஒரு மேடம். மலையாளத்தில் மெதுவாகப் பேசினார். ஓவர்சியர் அவருக்குப் பின்னால் நின்றார். மேடம் மில்காரனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, “உங்களில் யார் இதை ஓட்டுவீர்கள், ஓட்டிக் காட்டுங்கள்” என்றார். மகள் முந்தியைச் செருகிக்கொண்டு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“நீ இரி. நான் போறேன்.”

“அம்மா, ஒங்களுக்குத் தெரியாதுல்லா.”

“பாத்துட்டுதான இருக்கேன். பச்சைய அமுக்கினா ஓடும், செவப்ப அமுக்கினா நிக்கும். ஒனக்குப் பிள்ளை உண்டு. இரி.”

முடியை முடிந்து துணியால் கட்டினேன். சேலையை வரிந்து சுற்றினேன். பச்சைப் பொத்தானை அமுக்கியதும் தரை அதிர்ந்தது, அந்த அதிர்வு காலில் ஏறி வயிற்றுக்குள் வந்தது. அரிசி போடுகிற வாய் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. முக்காலியில் ஏறினேன். பெல்ட் என் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடியது. அதன் காற்றில், வரிந்து கட்டியும் சேலையின் நுனி ஒன்று எழும்பிப் படபடத்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே அரிசியைக் கொட்டினேன். கை நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை, மில்லே நடுங்கிக்கொண்டிருந்ததால். மாவு விழுந்தது. சிவப்பை அமுக்கினேன். இறங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போல முகத்தைத் துடைத்தேன்.

மேடம் என் தோளில் தட்டினார். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

அந்த மாதமே பள்ளிக்கூட ஹாலில் கிராமசபை கூடியது. ஒவ்வொரு திட்டத்தையும் பற்றி அதிகாரிகள் எழுதியதை மைக்கில் வாசித்தார்கள். எங்கள் மில்லின் முறை வந்தது. பெண்கள் மிகுந்த தைரியத்தோடு இயந்திரத்தை இயக்குகிறார்கள், மூத்த உறுப்பினர் ஒருவர் நேரில் இயக்கிக் காட்டினார், கூடுதல் ஏற்பாடு எதுவும் தேவையில்லை, இரண்டாம் தவணையைக் கொடுக்கலாம் என்று வாசித்தார்கள். ஹாலே கைதட்டியது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் கைதட்டு இனிப்பாகத்தான் இருந்தது.

முன் பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பின்னல் பெஞ்சுக்குப் பின்னால் தொங்கியது. கூடுதல் ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்று சொன்னது அந்த வலைக்கூட்டைத்தான். என் தைரியத்தைக் காட்டி அதை இரண்டாவது தடவையும் வெட்டிவிட்டார்கள். நாளையிலிருந்து பெல்ட்டின் பக்கத்தில் நிற்கப்போவது அவள்.

எழுந்தேன். மில்லில் பயந்தது ஒன்றுமில்லை, அன்று அதைவிடப் பயந்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

“அது தைரியம் இல்ல,” என்றேன். “நான் பயந்தேன். செத்துப் போவேன்னு பயந்தேனாக்கும்.”

சிரித்தார்கள். எதற்கும் பயப்படாதவள் என்று பெயர் வாங்கியவள் பயந்தேன் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள். காது சூடாயிற்று, உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

ஓவர்சியர் கேட்டார், “பயந்த ஆளு பின்ன எப்படி ஓட்டினிய?”

“ஓட்டலைன்னா மில்லு போவும்னு சொன்னது நீங்கதானே. பயந்துட்டுதான் ஓட்டினேன்.”

மேடம் எழுந்து சிரிப்பை நிறுத்தச் சொன்னார். “எந்தினெயா அம்மே பேடிச்சது?” என்று கேட்டார். எதைக் கண்டு பயந்தீர்கள் என்று. என்னிடம் அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெல்ட்டைச் சொன்னேன், எழும்பிய சேலை நுனியைச் சொன்னேன், எண்ணெய் மில்லில் கை போனவளைச் சொன்னேன். ஓவர்சியர், “அந்த ஆளு ஓட்டும்போது ஒண்ணும் நடக்கலையே” என்றார்.

எல்லோரும் திரும்பிக் கடைசியில் நின்ற மில்காரனைப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு என்பதால் அவன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது.

“எலே, மில்லுக்குள்ள நீ சட்டை போடுவியா?” என்று மைக்கிலேயே கேட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. “இல்லக்கா. பெல்ட்டு பிடிச்சிரும். பயமாக்கும். கழத்திப் போட்டுட்டுதான் ஏறுவேன்.”

“கேட்டியளா,” என்றேன். “அவனுக்குப் பயம் வந்தா சட்டையைக் கழத்துவான். நாங்க எதைக் கழத்த?”

மேடம் உட்கார்ந்து, எழுதியதில் ஏதோ அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார். பெண்கள் ஓட்டுகிறார்கள் என்பது அப்படியே இருக்கட்டும், அவர்கள் பயமில்லாமல் ஓட்டுவதற்கு உள்ளதையும் இரண்டாம் தவணையில் சேர்க்க வேண்டும் என்று வாசிக்கச் சொன்னார். கூடும், நிற்பதற்கு ஒரு மேடையும்.

அது வந்து சேர மாசக்கணக்கில் ஆயிற்று. மில்காரன் வேறு மில்லுக்குப் போய்விட்டான். மகள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மில்லை ஓட்டினாள். வாசலைத் தாண்டாத நான் தினமும் உள்ளே போய், சிவப்புப் பொத்தானுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மாவு வாங்க வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல மாட்டேன். கண் பெல்ட்டில் இருக்கும், கை பொத்தானில் இருக்கும். வீட்டுக்குப் போனபிறகும் விரல் மடங்கியபடியே நிற்கும். தனுவச்சபுரத்துப் பட்டறையிலிருந்து பச்சை பெயின்ட் அடித்த வலைக்கூடு வந்து மாட்டிய அன்று, மகள் ஸ்டூலை எடுத்து வெளியே வைத்தாள். நான் அதை மறுபடியும் உள்ளே போட்டு இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்தேன்.

அந்த மில்தான் மகளையும் பேத்தியையும் கரை சேர்த்தது. மகளுக்கு இரண்டு கையும் உண்டு.

இந்தப் பிள்ளை படித்தவள், அழகாக எழுதுவாள். அதுதான் எனக்குச் சந்தேகம். இவளும் என்னைத் தைரியசாலி என்று எங்காவது எழுதியிருப்பாள்.

மக்கா, முதல்ல இருந்து வாசி. பயந்தேன்னு நான் சொன்ன இடத்துல எல்லாம் பயந்தேன்னுதான் இருக்கான்னு பாக்கணும். மெதுவா வாசி.