அனிற்றாவின் மேல் சுரமும் சும்மா இராத என் கையும்

1. கை செய்த வேலை

பிள்ளை பாட்டின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். நான் ஒலி மிக்சருக்கு முன்னால் ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி இருந்தேன். குரல் மேலே போனது, இன்னும் மேலே போனது, அங்கே போய் அசையாமல் நின்றது. அந்த இடத்தில்தான் ஹெட்போன் செத்துப்போனது. அவள் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள், அறை அதிர்கிறது, ஆனால் பதிவில் ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால் என் வலது கை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை அடிமட்டத்துக்கு இழுத்து வைத்திருக்கிறது.

"அல்லாஹ்வே, மறுபடியுமா?" என்று கதவடியில் இருந்த என் மனைவி ஸனூபா தலையில் கை வைத்தாள்.

பாடியவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இளம் ஒலிப்பதிவுக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். நான் கல்முனையில் ஸ்பீக்கர் செட் வைத்துத் தொழிலுக்கு வந்தவன். கலியாண வீடு, பள்ளிவாசல் பயான் பேச்சு, தேர்தல் மேடை, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று மைக்கோடு கிழவனானவன். அந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரே ஒரு எதிரி, மைக் கூவுவது. ஸ்பீக்கரில் வருகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போனால் 'கூ' என்று ஒற்றைச் சத்தம் எழும்பும். மேடையில் இருக்கிற பெரிய மனிதர் காதைப் பொத்திக்கொண்டு உங்களைப் பார்ப்பார். அடுத்த கலியாணத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே அந்தச் சத்தம் எழும்ப முதலே கை இறக்கிவிடும். யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது.

ஸ்பீக்கரே போடாத அறையில் மைக் எப்படிக் கூவும்? மூளைக்கு அது தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அந்தக் கை கனவிலும் நினைத்திருக்காது.

2. பென் டிரைவில் வந்த பெண்கள்

பாடிய அனிற்றா பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை. சேர்ச்சில் கொயர் பாட்டுக்குழுவில் பாடத் தொடங்கி, பிறகு கொழும்பில் இருக்கிற ஒரு ரீச்சரிடம் போன் வழியாகப் படித்தவள். வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எடுபட்டால் படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது. வயதெல்லை ஒன்று வைத்திருந்தார்கள். அடுத்த வருசம் அவள் விண்ணப்பிக்க முடியாது. இந்த முறை போனால் போனதுதான்.

அவர்கள் கேட்டது ஒரு பாட்டு. ஒரே தடவையில் பாட வேண்டும். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, எக்கோ கூடாது. பக்கத்தில் வீடியோவும் ஓடவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரத்தோடு விண்ணப்ப வாசல் மூடிவிடும். ஸ்டூடியோ என்று சொல்ல எங்கள் ஊரில் இருந்தது என்னிடம்தான். இஸ்லாமிய கீதமும் கடை விளம்பரமும் பதிகிற ஒற்றை அறை. அறையும் ஸனூபாவின் வீட்டு முன் அறை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருகிறவன். அதை அவள் அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். பெண்பிள்ளைகள் பாட வந்தால் அவளும் அறையில் இருப்பாள். அது அவள் வைத்த சட்டம்.

நான் பழக வேண்டும் என்று அனிற்றா பழைய ரெக்கோர்டிங்குகளை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து தந்தாள். ஓபரா என்றால் ஐரோப்பாவில் முழுக்க முழுக்கப் பாடியே நடத்துகிற நாடகம். அவள் தெரிவு செய்திருந்த பாட்டு, காதல் கைகூடாமல் புத்தி கலங்கிய ஒரு பெண் பாடுவது. சொப்ரானோ என்பது பெண் குரலில் ஆக உயர்ந்தது. அதிலும் கொலரத்தூரா என்கிற வகை பெரும் கஷ்டம். கிடுகிடுவென்று சுரங்களை உதிர்த்துக்கொண்டே ஏற வேண்டும், இறங்க வேண்டும், கடைசியில் உச்சியில் போய் நிற்க வேண்டும்.

அந்த ஒரே பாட்டை வெவ்வேறு காலத்துப் பெண்கள் பாடியிருந்தார்கள். முதலாவதில் அப்பளம் பொரிக்கிற இரைச்சல்தான் கூட. எனக்குத் தலையிடி வந்தது. மூன்றாவது ஆளின் பதிவைக் கேட்டபோது எழும்பி அறைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்னவோ நடந்துவிட்டது, யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது போல இருந்தது. இருக்கவும் முடியவில்லை, நிற்பாட்டவும் மனம் வரவில்லை.

அடுத்த வீட்டுத் தையல்காரர் ஹனீபா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றும் நானா என்றும் கூப்பிடுவோம்.

"என்ன காக்கா, ஊட்ட ஆருக்கும் சுகமில்லையா, வருத்தமா?"

"இல்ல, பாட்டு."

"பாட்டா?" என்றவர் வேலியில் சாய்ந்து பாட்டைக் கேட்டார். "அவக்கு நல்லா வருத்தம் பிடிச்சிரிக்கி போல."

3. வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலையிலிருந்து ஊர் எங்களோடு சண்டைக்கு நின்றது. அனிற்றா மூச்சை இழுக்கும்போது பாண் விற்கிற ஓட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அது போனதும் பின் வளவில் யாரோ தரை ஓடு வெட்டினார்கள். பிறகு ஹனீபாவின் தையல் மெஷின். பிறகு காகம். ஸனூபா வாசலுக்கும் அறைக்கும் ஓடி ஓடிக் களைத்துப்போனாள்.

எல்லாம் அடங்கி ஒரு தடவை நன்றாக வந்தது. அப்போது கை இறக்கியது. அடுத்ததில் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். எப்போது வெளியே வந்ததோ தெரியாது, மறுபடியும் இறக்கியது. நான் ஆரம்பத்தில் சொன்னது அந்த நேரத்தைத்தான்.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவள் கடைசியில் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"நானா, எனக்கு இனி ஏலாது. அந்த மேல் சுரம் ஒரு நாளைக்கு எண்ணித்தான் வரும். இண்டைக்கு இருந்ததெல்லாம் முடிஞ்சிது."

"நாளைக்கு எடுப்பம் புள்ள."

"நாளைக்குத்தானே கடைசி. நாளைக்கும் உங்கட கை சும்மா இருக்காட்டி நான் எங்க போற? வீட்ட எல்லாரும் ரெக்கோர்டிங் முடிஞ்சிதா எண்டு கேக்கிறாங்க. நான் என்ன சொல்ற?"

என் மேல் எனக்கே கோபம், அந்தக் கோபத்தைக் காட்ட ஆளில்லாமல் மைக் வயரைச் சுற்றினேன், அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன்.

ஸனூபாதான் வழி சொன்னாள். "நாளைக்கு ஜும்ஆத் தொழுக நேரம் எடுங்க. ஆம்புளையள் எல்லாம் பள்ளிக்கிப் போயிருவாங்க. கட பூட்டு, ஓட்டோ இல்ல, ஓடு வெட்ட ஆளில்ல. அதப் போல அமைதி இந்த ஊருல எப்ப வரும்?"

"நானும் போகத்தானே வேணும்! பள்ளி மைக்க ஆர் பாக்கிற?"

"அதுதான் செல்றன். நீங்க போங்க. நீங்க இல்லாட்டித்தான் இது சரிவரும்."

அனிற்றா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஸனூபா சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் முழுக்க அந்தப் பழைய ரெக்கோர்டிங்குகளைப் போட்டு, கையை மேசையில் விரித்து வைத்து, உச்சி வரும்போது "அசையாதே, அசையாதே" என்று அதற்குப் பாடம் நடத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

4. ஜும்ஆ

வெள்ளிக்கிழமை மைக்கை வைத்து, பதிகிற லெவலை முந்தின நாள் அளவிலேயே சரிபார்த்து, ஸனூபாவை லெப்டொப்புக்கு முன்னால் இருத்தினேன்.

"இந்தச் சிவப்புப் பொத்தான அமத்து. மறுகா ஒண்டையும் தொடாத. இஞ்ச பார், இந்தக் கோடு பச்சையில ஓடும், மஞ்சளுக்கு வரும். சிவப்புக்கு மட்டும் போகப்படாது. போனா சத்தம் கரகரத்து பதிவு கிழிஞ்சிரும்."

"போனா என்ன செய்ற?"

"போகாது. நான் பாத்துத்தான் வெச்சிரிக்கன். நீ தொடாம இரு."

"செரி செரி, போங்க. பள்ளியில பாங்கு செல்லப் போறாங்க."

பள்ளியில் அம்ப்ளிஃபயர் முன் வரிசைச் சுவரில் ஓர் அலுமாரிக்குள் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இருப்பது என் வழக்கம். மௌலவி மிம்பர் மேடையில் ஏறி குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கினார். என் உடம்பு பள்ளியில், காது வீட்டில். இப்போது தொடங்கியிருப்பாள். இப்போது உதிர்க்கிற இடம். இப்போது ஏறுகிறாள். அசையாதே, அசையாதே.

அந்த நேரம் 'கூ' என்று ஒன்று எழும்பியது. எனக்கு ஒரே பெருமை, கை அசையவே இல்லை! மடியில் அப்படியே கிடந்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. முன் வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. பின் வரிசைகளும் திரும்பின. குத்பா ஓதும்போது யாரும் வாய் திறந்து கதைக்கக்கூடாது, "டேய், இறக்கு" என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆகவே ஊரே கண்ணால் ஏசியது. மௌலவி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் இது எங்கள் பள்ளி மைக் என்று எனக்கு உறைத்தது.

பாய்ந்து இறக்கினேன். தொழுகை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது ஒவ்வொருவராக வந்து வாயாலும் ஏசினார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

5. நடுவில் வந்த கை

அனிற்றா நிலத்தில் குந்தியிருந்து ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஸனூபா முகத்தில் பெரிய ஆள் தோரணை.

"ஒருக்காத்தான் பாடின. போதும் எண்டுட்டன்."

ஹெட்போனை மாட்டினேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஃபிரிஜ்ஜைக் கூட ஸனூபா நிறுத்தி வைத்திருந்தாள். குரல் உதிர்ந்தது, ஏறியது, உச்சியில் போய் நின்றது. முழுசாக நின்றது. கிழியவில்லை, நசுங்கவில்லை. மெல்லக் குறைந்து அணைந்தது. என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பிறகு வீடியோவைப் போட்டேன். உச்சி வருவதற்குச் சற்று முன்னால் கறுப்பு அபாயா அங்கி போட்ட கை ஒன்று பக்கத்திலிருந்து நீண்டு வந்தது. அனிற்றாவின் முழங்கைக்கு மேலே பிடித்து அவளை மெதுவாகப் பின்னால் இழுத்தது. அவள் இரண்டடி பின்னால் போய், பாட்டை விடாமல், அங்கே நின்று உச்சியைப் பாடினாள்.

"ஸனூபா! இதென்ன வேல?"

"கோடு மஞ்சளால கிறுகிறுண்டு ஏறிச்சு. புள்ளயும் பெரிய மூச்சொண்டு இழுத்தா. இனிச் சிவப்புத்தான் எண்டு வெளங்கிட்டு. பொத்தானத் தொடாத எண்டு நீங்கதானே சென்ன. நான் புள்ளயத்தானே தொட்டன்?"

நான் லெவல் வைத்தது வியாழக்கிழமை களைத்த குரலுக்கு. ஓய்வெடுத்து வந்த குரல் அதைவிடப் பெரிது. அவள் இழுத்திருக்காவிட்டால் பதிவு கிழிந்துதான் இருக்கும். ஆனால் வீடியோவில் கை இருக்கிறது. வெட்டவும் கூடாது.

"இன்னொருக்கா பாடேலுமா புள்ள?" என்று கேட்டேன்.

வெளியே கடைகள் திறக்கிற சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அனிற்றா கோப்பையை வைத்தாள்.

"ஏலாது நானா. ஏலுமெண்டாலும் இத மாதிரி வராது. ஸனூபா ராத்தா பிடிச்ச உடன எனக்குப் பயம் போயிட்டுது." பிறகு சிரித்தாள். "ரீச்சர் சொன்னவ, மைக் வர முதல் புனலுக்குள்ள பாடித்தான் ரெக்கோர்ட் எடுத்தாங்களாம். மேல் சுரம் வரக்குள்ள ஆள் பின்னால நிண்டு பாடுறவங்கள இழுப்பாங்களாம். அந்தப் பழைய ஆக்களையும் இப்பிடித்தான் இழுத்திருப்பாங்க. அனுப்புங்க நானா."

அனுப்பினோம்.

6. கேள்வி

பிறகு வந்த நாட்களை நான் விபரிக்கப் போவதில்லை. அந்தக் கையால் எல்லாம் போய்விட்டது என்று நான் சொல்வேன். "உங்கட கைய விட என்ட கை நல்லம்" என்று ஸனூபா சொல்வாள். சொல்லிவிட்டு அவளும் தூங்க மாட்டாள்.

ஒருநாள் அனிற்றா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. வீடியோ அழைப்பில் நேர்முகமும் முடிந்துவிட்டதாம், பயத்தில் எங்களுக்குச் சொல்லவில்லையாம். ஸனூபா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"என்ன கேட்டாங்க?" என்று கேட்டேன்.

"பாட்டப் பத்தி பிறகுதான் கேட்டாங்க. முதல்ல, அந்தக் கை யாருட எண்டு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்கட ரெக்கோர்டிங் எஞ்சினியர்ட கை எண்டு சொன்னன்."

இத்தனை வருசத்தில் என்னை ஒருவரும் எஞ்சினியர் என்று சொன்னதில்லை. எனக்கு எரிந்தது. அன்று பகல் சோறும் சரியாக இறங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன், பிள்ளை பொய் சொல்லவில்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குரல் பெரிதாக வந்தால் பொத்தானைத் தேடாதீர்கள். எழும்பிப் போய் ஆளை ஓரடி நகர்த்திப் பாருங்கள். அந்தத் தூரம் செய்கிற வேலையை எந்த மெஷினும் செய்யாது. எனக்கு இது விளங்கவே இவ்வளவு காலம் எடுத்தது. விளங்கிய பிறகும் என் கையை நான் நம்புவதில்லை. யாராவது உயர்ந்த குரலில் பாட வந்தால் மைக்கை வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். மிக்சருக்கு முன்னால் என் கதிரையில் ஸனூபா இருப்பாள்.