எதிரியிடம் கொடுத்த பாதி நம்பர்

1. கையை இறக்கு

துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவன் நான். ஒஸ்லோவில் எனக்குச் சோறு போட்டது அதே துவக்குத்தான். பூட்டுக் கடையொன்றில் வேலை. வேட்டைக்காரர் வீடுகளுக்குப் போய், துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டகத்தைச் சுவரோடு இறுக்கி, நம்பர் பூட்டுப் போட்டுக் கொடுப்பது என் பகுதி. அதற்கு முன் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிய கை, இந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே பழகியது.

முதல் நாள் முதலாளியோடு போன வீட்டில், சாப்பாட்டு மேசையில் வாஃபிள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரைஃபிள் கிடந்தது. என் இரண்டு கைகளும் தானாக மேலே போய்விட்டன. முதலாளி திரும்பிப் பார்த்து, "கையை இறக்கும். அந்தக் கையாலைதான் சுவரிலை துளை போடவேணும்" என்றார். வீட்டுக்காரி வாஃபிளுக்கு ஜாம் வேணுமா என்று கேட்டாள். நொர்வேயைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அது.

2. பெரிட்டின் யோசனை

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் பெரிட், ஹெல்கெ என்று ஒரு தம்பதி. ஹெல்கெ இரும்புச் சாமான் கடையில் ஆயுள் முழுக்க நின்றவர். கடையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பகலிலும் குடி. ஒருநாள் ரைஃபிளைத் துடைத்துக்கொண்டே, "இனி எல்லாம் என்னத்துக்கு" என்று சொல்லியிருக்கிறார். பெரிட் என்னைக் கூப்பிட்டு, புருஷனுக்குத் தெரியாமல் பெட்டக நம்பரை மாற்றித் தரச் சொன்னாள்.

சொந்தக்காரருக்குத் தெரியாமல் நம்பர் மாற்ற எங்களுக்கு இடமில்லை என்றேன். "இண்டைக்குப் பயமெண்டால் எனக்குப் போன் அடிக்காதேயுங்கோ, பொலிசுக்கு அடியுங்கோ" என்றும் சொன்னேன். அதற்குள் ஹெல்கெ படியிறங்கி வந்துவிட்டார். தானே டொக்டரிடம் போகத் தொடங்கிவிட்டதாகவும், பதினாறு வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவனைக் கள்ளன்போல் நடத்துவதாகவும் சத்தம் போட்டார். பொலிஸ் துவக்கை ஒருதரம் எடுத்தால் திரும்பி வராது என்பது அவர் பயம். திரும்பி வராமல் போகப்போவது துவக்கா மனுசனா என்பது பெரிட்டின் பயம்.

இதே வழக்கை மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் என் நண்பன் செந்திலோடு நானும் நடத்தியிருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவில் இதற்கென்றே, ஆபத்தென்றால் துவக்கை வாங்கிவைக்க, ரெட் ஃபிளாக் சட்டம் என்று வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். "முதல்ல துப்பாக்கிய வாங்கி வைக்கணும்ண்ணா. உரிமையெல்லாம் ஆள் உயிரோட இருந்தா அப்புறம் பேசிக்கலாம்" என்பான். சரியான கதைதான். ஆனால் பயத்தில் வாயைத் திறந்தவனிடம் உடனே பறித்தால், அடுத்தவன் வாயைத் திறக்கமாட்டானே என்று நான் சொல்வேன். அதுவும் சரிதான். இரண்டு பேரும் சரி என்பதால் தேத்தண்ணி ஆறிவிடும்.

பெரிட்டின் சமையலறையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டகத்துக்கு ஆறு இலக்கம். மூன்றை ஹெல்கெ வைத்திருக்கட்டும், மற்ற மூன்றை வேட்டை லைசென்ஸ் உள்ள இன்னொருவர் வைத்திருக்கட்டும். யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன்.

"ரோல்ஃபிட்டைக் குடுங்கோ" என்றார் ஹெல்கெ.

பெரிட்டின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. ரோல்ஃப் அடுத்த வாசலில் இருப்பவர். ஒரு எல்க் மானுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட்டு, அது யாருடையது என்று பிடித்த சண்டையில் வருடக்கணக்காகப் பேச்சில்லை. மானின் தலை ரோல்ஃப் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

"அவன்ரை கதவை மட்டும் நான் தட்டமாட்டன். அதுதான்" என்றார் ஹெல்கெ.

கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ரோல்ஃப் வந்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் புது நம்பருக்குப் பூட்டைத் தயார் செய்தேன், ஹெல்கெ தன் மூன்றை அழுத்தினார். ரோல்ஃப் தொப்பியைக் கழற்றி நம்பர் பலகையை மறைத்து, தன் மூன்றை அழுத்தினார். போகும்போது கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.

3. ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய பிட்

இலையுதிர் காலம் வந்தது, எல்க் வேட்டையும் வந்தது. ஹெல்கெ அந்தக் கதவைத் தட்டிவிட்டார். ரோல்ஃப் நம்பர் மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். பூட்டை உடைக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது இரண்டு பேரும் ஒரே மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்கெ ட்ரில்லுக்கு வயர் எடுத்துவரக் கீழே போனதும் ரோல்ஃப் என் பக்கம் சாய்ந்தார்.

"நம்பர் ஞாபகம் இருக்கு. கோப்பையைப் பிடிக்கேக்கை அவன்ரை கை நடுங்குது. உம்மடை ட்ரில்லுக்கு ஏதோ பழுது, என்ன?"

"பெரிய பழுது" என்றேன்.

ஹெல்கெ வந்ததும், இந்த இரும்பைத் துளைக்கத் தனி முனை, ட்ரில் பிட், வேண்டும், ஜெர்மனியிலிருந்து வரவேண்டும் என்று கதை அளந்தேன். அடுத்த முறை தபால் தாமதம். அதற்கடுத்த முறை பிட் வந்தது, அளவு பிழை. முதலாளி கேட்டிருந்தால் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இதற்கிடையில் ரோல்ஃப் தினமும் ஹெல்கெயைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கையில் துவக்கில்லை, எல்க் போன தடம் பார்க்க மட்டும். கரடியைச் சுடுமுன் தோலை விற்காதே என்பது இந்த ஊர்ப் பழமொழி. இவர்கள் சுடுகிற எண்ணமே இல்லாமல் காடு முழுக்க நடந்தார்கள்.

ஒருநாள் ரோல்ஃப் போன் எடுத்து, வரச் சொன்னார், ட்ரில் தேவையில்லை என்றார். மேசையில் மூன்று கோப்பை. ஹெல்கெதான் ஊற்றினார், ஒரு துளி வெளியே சிந்தவில்லை. ஹெல்கெ தன் மூன்றை அழுத்தினார், ரோல்ஃப் தொப்பியைக் கழற்றினார், பெட்டகம் திறந்தது. வாசலில் நின்ற பெரிட் மூக்கைச் சிந்தினாள்.

ஹெல்கெ என்னைப் பார்த்தார்.

"அந்த ஜெர்மன் பிட் எங்கடை கடையிலை பெட்டி பெட்டியாக் கிடந்தது. நானே வித்தனான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"எனக்கும் நேரம் தேவைப்பட்டது" என்றார். பிறகு ரோல்ஃபின் பக்கம் திரும்பி, "ஆனா அந்த எல்க் என்ரைதான்" என்றார்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கையருக்கு ஒன்று சொல்வேன். சட்டத்தைப் படியுங்கள், பொலிஸ் நம்பரைக் கையில் வைத்திருங்கள், தேவைப்பட்டால் தயங்காமல் அடியுங்கள். ட்ரில் பிட்டை வேனில் எப்போதும் வைத்திருங்கள். சில வீடுகளில் அது வேனிலேயே இருக்கட்டும்.